மைதானத்திலிருந்து என்பு வைத்திய நிலையத்துக்கு

ஐக்கிய அமெரிக்காவிலே இலையுதிர்காலம் வந்துவிட்டால், வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊர்தோறும் உயர்நிலைப் பள்ளிகளின் உதைபந்தாட்டம் நடைபெறும். நேயர்கள் அறிந்த உதைபந்தாட்டமன்று அது. பந்தைக் கையிலேந்தி ஓடுபவனை மற்றவர்கள் மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டம். வீழ்ந்தவன் எழாவிட்டால், தோளிலே பையொன்றை மாட்டிய ஒருவர் மைதானத்தின் ஓரத்திலிருந்து ஓடிவருவார். அவரை ‘அத்லெற்றிக் ட்ரெயினர்’ என்பர். பெயர் மயக்கந் தருவது. ஆட்டம் பழக்குபவர் அவரல்லர். காயம் நேராது காப்பதும், நேர்ந்தவிடத்து முதலுதவி செய்வதும், பின்னர் உடலைப் பழைய நிலைக்குக் கொணர்வதுமே அவர் தொழிலாதலின், காயப் பராமரிப்பாளர் என்பதே பொருந்தும்.

இத்தொழிலினரின் தேசிய சங்கம் 1950ஆம் ஆண்டில் கன்சாஸ் நகரிலே தோன்றியது. 1990இல் அமெரிக்க வைத்தியச் சங்கம் இதனை வைத்தியத்தைச் சார்ந்த தொழிலாக ஏற்றது. முதுமாணிப் பட்டமே தொடக்கத் தகைமையாதல் வேண்டுமென 2015இல் தீர்மானிக்கப்பட்டது. இவ்வளவும் கற்றவர்களுட் சிலர், மேலும் ஓராண்டு என்பு வைத்திய நிலையமொன்றிலே சத்திரசிகிச்சை நிபுணரின் அருகிருந்து பயில்கின்றனர். ‘உறைவிடப் பயிற்சி’ என்பது அதன் பெயர். பால்ற்றிமோர் நகரில் 1889இல் திறக்கப்பெற்ற ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே, ஹால்ஸ்ரெட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இளம் வைத்தியர்களை அங்கேயே தங்கவைத்துப் பயிற்றினார். அவ்வழக்கிலிருந்து வந்த சொல் இது. இன்றைய பராமரிப்பாளர் இரவிலே தம் வீட்டுக்குத்தான் போகிறார். சொல் மட்டும் தங்கிவிட்டது.

பட்டம் பெற்றவருக்கு இந்த ஓராண்டு எதற்கு? முழங்காலையே எடுத்துக்கொள்வோம். தொடையென்பையும் கீழ்க்காலென்பையும் பிணைத்து மூட்டினுள்ளே குறுக்காகச் செல்லும் நாரொன்றுண்டு. ஓடுபவன் சடுதியாகத் திரும்பும்போது அது அறுந்துபோகும். பராமரிப்பாளர் காலைச் சிறிது மடக்கி, ஒரு கையால் தொடையை இறுகப் பற்றி, மறுகையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பார். நார் முழுமையாயிருந்தால் இழுப்பு ஓரிடத்தில் ‘நில்’ என்று நின்றுவிடும். அறுந்திருந்தால் அந்த நிறுத்தம் கைக்குத் தென்படாது. சில மணி நேரஞ் சென்றால் மூட்டு வீங்கும், தசைகள் நோவுக்கு அஞ்சி இறுகும், சோதனை கடினமாகும். ஆகவே மைதானத்து முதற் சில நிமிடங்கள் விலைமதிப்பற்றவை. ஆனால் மைதானத்திலே ஒரு குறையுமுண்டு: தம் கை சொன்னது மெய்தானா என்பதைக் கண்ணாற் காணும் வாய்ப்பு அவருக்கு அரிது.

வைத்திய நிலையத்திலே அக்குறை தீர்கிறது. முதலிற் பயிலுநர் நோயாளியிடம் வரலாறு கேட்டு, காலைச் சோதித்து, தம் முடிவைச் சொல்வார். அடுத்து நிபுணர் அதே காலைத் தாமும் சோதிப்பார். காந்தப் படம் வரும். ஒருநாட் சத்திரசிகிச்சைக் கூடத்திலே, நைந்த கயிற்று நுனிபோல அந்த நார் கிடப்பதைப் பயிலுநர் பார்ப்பார். தவறாகச் சொல்லியிருந்தால், நிபுணரின் முன்னிலையில் அதுவும் வெளியாகும். பள்ளிக்கூடத்துப் பரீட்சைத்தாள் இத்துணை நேர்மையாகத் திருத்தப்படுவதில்லை.

அங்கு வருவோர் எல்லோரும் விளையாட்டு வீரருமல்லர். வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த மூதாட்டியும் வருவார், தச்சுத் தொழிலாளியும் வருவார். கட்டுப் போடுவது பயிலுநரின் கை. கட்டு இறுகி உள்ளே வீக்கம் பெருகினால் நோவு மிஞ்சும்; விரலை நிமிர்த்தவே நோயாளி அலறுவார்; பின் விரல்கள் மரத்துப்போகும். உடனே கட்டை அறுத்து விரித்து, வைத்தியரை அழைத்தாக வேண்டும். தாமதித்தாற் சில மணி நேரத்திலே தசை இறந்துபடும். மைதானத்திலே கட்டுப் போட்டு அனுப்பிவிடுபவர் இந்த இரண்டாம் நாளைக் காண்பதில்லை.

இந்த ஓராண்டில் ஊதியம் குறைவு. மலிவான கூலிக்கு ஆள் தேடும் உபாயமோ இது என்று ஐயுறுவோரைக் குறைகூற முடியாது. காலை முதல் மாலைவரை நோயாளர் குறிப்புகளை எழுதுவதே வேலையானால், அது எழுதுவினைஞர் உத்தியோகமேயன்றிப் பயிற்சியன்று. திட்டங்களைப் பரிசீலித்து அங்கீகாரம் வழங்கும் ஆணைக்குழுவொன்று உண்டு. எல்லா நிலையங்களும் அதனை நாடுவதில்லை. சேர விரும்புபவர் முதலிற் கேட்டறிய வேண்டியது, நிபுணர் வாரத்தில் எத்தனை மணி நேரம் தம்மோடிருந்து கற்பிப்பார் என்பதையே.

பல நிலையங்களிலே பயிலுநர் வெள்ளிக்கிழமை மாலை மீண்டும் மைதானத்துக்குப் போகிறார். பையன் ஒருவன் முழங்காலைப் பற்றிக்கொண்டு விழுகிறான். வீக்கம் தொடங்குமுன்னரே அவர் கைகளில் ஒன்று தொடையிலும் மற்றொன்று கீழ்க்காலிலுமாக அமர்ந்துவிடுகின்றன.