தினம் ஒரு பக்கம்
(உறுப்பினர் கூட்டத்தில் நாவலாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

எப்படி எழுதுகிறேன், யாரைப் படிக்கிறேன் என்று சொல்லும்படி செயலாளர் பணித்திருக்கிறார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

விடியற்காலை காபி முடிந்ததும் எழுத உட்காருவேன். கோடு போட்ட காகிதம், பேனா. கணக்கு ஒரு பக்கம்தான். மனசு மேலே ஓடினாலும் அதோடு நிறுத்திவிடுவேன். மறுநாள் தொடங்க ஒரு நுனி கையில் இருக்கும். இப்படி எழுதினால் வருஷத்துக்கு 365 பக்கம். பாதியை அடித்துப் போட்டாலும் ஒரு சின்ன நாவல் மிஞ்சும். உரையாடலை மட்டும் உரக்கப் படித்துப் பார்ப்பேன். பாலக்காட்டு மாமியும் தஞ்சாவூர் மாமியும் ஒரே மாதிரி பேசினால், அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதவேண்டியதுதான்.

படிப்பில் எனக்கு முதலில் தி. ஜானகிராமன். 'மோகமுள்' நாவலில் கும்பகோணமும் சங்கீதமும் கதையோடு கலந்தே வரும். அடுத்து அசோகமித்திரன். செகந்திராபாத்தில் பிறந்தவர். 1948-இல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த காலத்தை, அங்கே வளர்ந்த ஒரு தமிழ்ப் பையனின் கண்ணால் '18-வது அட்சக்கோடு' நாவலில் காட்டினார். டில்லி வாழ்க்கையை எழுதிய ஆதவனையும் விடமாட்டேன். தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் நமக்கும் தமிழில் சொல்லக் கதை உண்டு என்பதற்கு இவர்களே சாட்சி.

ஆனால் படிக்க யார் இருக்கிறார்கள்? என் பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோனில் அவளுக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுகிறேன். "ரேழின்னா என்ன தாத்தா?" என்றாள் ஒருநாள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த நடை என்று சொல்ல ஆரம்பித்தேன். அங்கே யார் படுப்பார்கள், என்ன வைப்பார்கள் என்று அரைமணி பேசினோம். அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். அந்த அரைமணிப் பேச்சு கிடைக்காது.

உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. 1940 முதல் 'ஆனந்த விகட'னில் வாராவாரம் வந்தது. 1942-இல் அவர் காலமானார். சரித்திரம் பாதியில் நின்றது. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்து பிறர் நூல்களைக் காத்த மகானுக்கே சொந்தக் கதையை முடிக்க அவகாசம் கிடைக்கவில்லை.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, வேலை தேடி முதன்முதலில் ரயிலேறிய கதை, அம்மா சமைத்த குழம்பின் பக்குவம், எதுவானாலும் தினம் ஒரு பக்கம் எழுதுங்கள். கை நடுங்கினால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இளைஞர்களே, வாரம் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவோம்.