மங்காத மையும் மயங்கும் கண்ணும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பிறந்த ஊரை விட்டு இத்தெலுங்கு நாட்டில் குடியேறிய நம் இல்லங்களில், முன்னோரின் நினைவாக எஞ்சி நிற்பவை பெரும்பாலும் நிழற்படங்களே. அவை பழுதுற்றால் கடையில் கொடுத்துக் கணிப்பொறி வழியே புதிதாய் அச்சிடுகின்றோம். புதுப்படத்தின் பளபளப்பைக் கண்டு மகிழ்ந்து, பழைய படத்தை எறிந்தும் விடுகின்றோம். இது தகுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளைப் பேச நம் நகரம் மிகப் பொருத்தமான இடமாகும். 1844இல் மீரத்துக்கு அருகேயுள்ள சர்தானாவில் பிறந்த லாலா தீனதயாள், ஆறாம் நிஜாம் மகபூப் அலிகானின் அரசவைப் படக்கலைஞராக விளங்கினார். செகந்திராபாத்தில் ஸ்டூடியோ நடத்திப் புகழ்பெற்று 1905இல் மறைந்தார். அக்காலத்தில் முட்டையின் வெண்கருவும் உப்பும் பூசிய தாளை வெள்ளி உப்புக் கரைசலால் பதப்படுத்திப் படம் எடுத்தனர். வெள்ளி மங்கிவிடும் என்று அஞ்சி, அச்சிட்ட படத்தைப் பொன்னுப்புக் கரைசலிலும் தோய்த்தனர். அங்ஙனம் செய்தும் அவ்வகைத் தாட்படங்கள் பல மஞ்சள் பூத்துப் போயின. அவர் எடுத்த படங்களின் கண்ணாடித் தகடுகளோ, 2,857 எண்ணிக்கையில் புது தில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் உள்ளன. மூலத்தைக் காத்தவர்க்கே படம் மிஞ்சும் என்பது இதனால் விளங்கும்.

இனி இக்காலத்து அச்சுக்கு வருவோம். இங்க்ஜெட் பொறி, ஒரு லிட்டரை இலட்சங் கோடிப் பங்கிட்டால் அதில் சில பங்கே ஆகும் அளவுள்ள நுண்துளிகளைத் தாளின் மேல் தெளிக்கின்றது. அதில் இடும் மை இருவகைப்படும். ஒன்று சாய மை. சர்க்கரை நீரில் கரைவது போலக் கரைந்து நிற்பது. மற்றொன்று நிறமி மை. மஞ்சள்தூளை நீரில் கலக்கினாற் போலத் துகளாகவே மிதப்பது. சாயத்தின் ஒவ்வோர் அணுத்திரளும் வெயிலுக்கும் காற்றுக்கும் தனித்து ஆட்படும். நிறமித் துகளிலோ மேற்புறம் தாக்குண்டாலும் உட்புறம் தப்பும். ஏட்டில் எழுத்தாணியால் கீறிக் கரி தடவிய நம் முன்னோர் இந்த உண்மையைக் கையாண்டவரே. கரியும் மங்காத நிறமியன்றோ!

சாய மை சிறப்பாகத் தோன்றியும் ஏமாற்றிய கதை உண்டு. 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் சாய மைப் படங்கள் சில, ஒருவகைப் பளபளப்புத் தாளில், காற்றிலுள்ள ஓசோனால் சில வாரங்களிலேயே செம்மஞ்சளாய் மாறின. கண்ணாடிச் சட்டத்துள் காற்றுப் படாது வைத்தவை தப்பின.

அதே ஆண்டில் அந்நிறுவனம் நிறமி மையால் அச்சிடும் மேசைப் பொறி ஒன்றையும் வெளியிட்டது. அப்படங்கள் நிலைத்தன, ஆயின் வீட்டு விளக்கொளியில் செவ்வையாய்த் தெரிந்த முகம், பகலொளியில் பச்சை படர்ந்து தோன்றியது. மை மாறவில்லை, ஒளியே மாறியது. ஆகவே கடையின் குழல்விளக்கின் கீழ் மட்டும் பார்த்துப் படத்தை ஏற்காதீர்; வாயிலுக்குக் கொணர்ந்து பகலொளியிலும் பாருங்கள்.

மையினும் பெரிய வஞ்சகன் நம் கண்ணே. ஒரு படத்தில் மிக வெளுத்த இடம் எதுவோ, அதனையே அது வெண்மையெனக் கொள்ளும். எல்லா நிறமும் ஒருங்கே மெல்ல மங்கினால், நாள்தோறும் பார்க்கும் நமக்கு அது புலப்படாது. பத்தாண்டு கழித்து வரும் விருந்தினரே கண்டு சொல்வார். நிறங்களுள் ஒன்று மட்டும் முந்தி மங்கினாலோ முகத்தின் சாயல் மாறும். அதைக் கண் உடனே பிடித்துவிடும். தாளும் இதில் பங்காளியே. வெண்மை மிகத் தோன்றும்படி சில தாள்களில் சேர்க்கும் ஒளிரும் பொருள், நாட்செல்லச் செல்ல ஒளியிழக்கும்; தாள் பழுப்பாய்த் தெரியும். எனவே அப்பொருள் சேராத பருத்தித் தாளும் நிறமி மையும் கூடியதே நெடுநாட் படத்துக்கு நன்று.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில. அச்சிடுபவரிடம் எவ்வகை மை, எவ்வகைத் தாள் என்று கேளுங்கள். அச்சான படத்தை ஒருநாளேனும் உலரவிட்டே கண்ணாடியிடுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டாதவாறு இடையில் அட்டை விளிம்பு வையுங்கள். வெயில் விழும் சுவரையும், சமையலறைப் புகையையும், ஓயாது எரியும் சுவாமி விளக்கின் அண்மையையும் தவிருங்கள். ஒரே நாளில் இரு படி அச்சிட்டு, ஒன்றை உறையிலிட்டுப் பெட்டியின் இருளில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் கண்ணின் வஞ்சகம் வெளிப்படும். படத்திலிருப்போர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். யாரென்று அறியப்படாத முகம், நிறம் மங்காதிருந்தும் பயனென்ன?

யாவற்றினும் மேலாக, பழைய படத்தை எறியாதீர்கள். நன்கு கழுவிப் பதப்படுத்திய பழைய கறுப்பு வெள்ளைப் படம், இன்றைய மலிவான சாயப் படத்தைவிட நெடுநாள் நிற்கக்கூடும். நம் சங்கத்து ஆண்டு விழாக் குழுப்படங்களுக்கும் இருளில் ஒரு படி வைக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றேன். இக்குடியிருப்பில் பிறந்த பிள்ளைகள் தம் பாட்டனார் முகத்தை அறிவது, இன்று நாம் காட்டும் இச்சிறு கவனத்தில் அடங்கியுள்ளது.