முகத்தில் நிழலும் ஒளியும்

(அழகுக் கலை பயிலும் பெண்களும் அவர்கள் வீட்டாரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



காண்டூர், ஹைலைட் என்பதாகச் சொல்லப்படும் முகப்பூச்சுத் தட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைப்பற்றி நான் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மீசை வைத்தவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். காசு கொடுத்து வாங்கும் எந்தச் சாமானுக்கும் காரணம் கேட்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான காரியம். ஆகையால் பேசுகிறேன். நான் சொல்லுவதையும் உங்கள் கண்ணால் சோதித்துப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இந்தப் பூச்சு என்ன செய்கிறது? சுவரில் ஒரு வட்டம் போடுங்கள். அது வட்டந்தான். அதன் ஓரத்தில் கரியைத் தேய்த்து, நடுவில் சிறிது சுண்ணாம்பைத் தொட்டு வையுங்கள். உருண்டைப் பானையாகத் தெரிகிறது. சுவர் உப்பவில்லை, இருட்டாயிருப்பது உள்ளே போனதாகவும், வெளிச்சமாயிருப்பது முன்னே வந்ததாகவும் நம் கண் எடுத்துக் கொள்ளுகிறது. அவ்வளவுதான் சங்கதி. கன்ன எலும்பின் கீழும், தாடை ஓரத்திலும், மூக்கின் இரு பக்கத்திலும் நிழல் வைக்கிறார்கள். கன்ன எலும்பின் மேலும், மூக்குத் தண்டிலும், புருவத்தின் கீழும் ஒளி வைக்கிறார்கள். மூக்கு சிறுத்துவிடும், தாடை மெலிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால், முகம் கழுவிய பிறகு எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

இது மேடையிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்த வித்தை. மேடை விளக்கு முன்னாலிருந்து அடிக்கும்போது முகத்தின் மேடு பள்ளம் மறைந்து தட்டையாகிவிடுகிறது. அதைத் திருப்பிக் கொண்டுவரவே நிழல் பூசினார்கள். போலந்தில் பிறந்து, 1904இல் அமெரிக்காவுக்குப் போன மேக்ஸ் ஃபேக்டர் என்பவர், 1914இல் சினிமா நடிகர்களுக்கென்றே 12 நிறங்களில் மெல்லிய பூச்சு ஒன்றைச் செய்தார். கேமராவுக்கு முன் நிற்பவருக்கு வேண்டிய அளவை, உச்சி வெயிலில் கடைத்தெருவுக்குப் போகிறவர் பூசிக்கொண்டால் முகத்தில் அழுக்குப் படிந்ததுபோல்தான் தெரியும்.

இனி வாங்கும் முறைக்கு வருவோம்.

நிழல் நிறம் உங்கள் தோலைவிட ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி கறுப்பாக இருக்க வேண்டும். அதில் மினுமினுப்பு இருக்கவே கூடாது. எந்த நிழலாவது மினுங்கி நீங்கள் பார்த்ததுண்டா? செம்மண் போன்ற பழுப்பு பிரான்சர் எனப்படும் வேறு சாமான். அது வெயிலில் காய்ந்த நிறம் காட்டுவதற்கு. நல்ல கறுப்பு நிறமுள்ளவர்களுக்குச் சாம்பல் ஓடிய பழுப்பு ஒத்துவராது. கெட்டியான காப்பி டிகாக்‌ஷன் நிறம் பொருந்தும்.

ஒளி நிறத்தில், வெளுத்த தோலுக்கு முத்து நிறமும், மாநிறத்துக்குப் பொன் நிறமும், கறுத்த தோலுக்குச் செம்பு நிறமும் சேரும். கறுத்த கன்னத்தில் முத்து நிறத்தைத் தடவினால் சாம்பல் பூத்தது போலாகும்.

எண்ணெய் வடியும் தோலுக்குப் பவுடர் நல்லது. வறண்ட தோலுக்குக் கிரீம் நல்லது. கிரீமைப் பவுடருக்கு முன் பூச வேண்டும். பின்னால் பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும். எட்டுக் குழியுள்ள தட்டில் உங்களுக்கு உதவுவது இரண்டுதான் என்றால், மற்ற ஆறுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? அந்த இரண்டையும் தனித்தனியாக வாங்குங்கள்.

நிறத்தைப் புறங்கையில் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, கடை விளக்கை விட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வாங்கியதும் முழங்கையின் உட்புறம் தொட்டு வைத்து, ஒரு நாள் பொறுத்து அரிப்பு, சிவப்பு உண்டா என்று கவனியுங்கள். செய்தவர் விலாசம், லைசென்ஸ் எண், காலாவதித் தேதி இல்லாத சாமானைத் தொடாதீர்கள். 1940ஆம் வருடத்து மருந்து, அழகுப் பொருள் சட்டமும், 2020ஆம் வருடத்து விதிகளும் உங்களுக்காகவே இருக்கின்றன.

தோழர்களே! இதுவரை சொன்னது சாமானைப்பற்றி. இனி மனத்தைப்பற்றிச் சொல்லுகிறேன்.

கலியாண வீடுகளில் நடப்பதென்ன? மாநிறப் பெண்ணுக்கு மூன்று படி வெளுத்த பூச்சை அப்பி, அதன்மேல் நிழல் கோடு இழுக்கிறார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். பார்த்துப் பேசி முடித்த பெண்ணின் நிறம் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாதா? யாரை ஏமாற்ற இந்த வேஷம்? 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று விற்பனைக்கு வந்த பசை, 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. டப்பாவிலிருந்து வெளுப்பு போய்விட்டது. நமது வரன் விளம்பரங்களிலிருந்து போயிற்றா? 2017இல் பாடகி ரியானா தொடங்கிய கம்பெனி, முதல் நாளே 40 நிறங்களில் முகப்பூச்சை வைத்தது. கறுப்புத் தோலுக்குச் சாமான் செய்ய முடியாது என்ற சாக்கு அன்றோடு ஒழிந்தது.

நாளைக்கு நீங்கள் தொழில் செய்யும்போது, “கொஞ்சம் வெளுப்பாகவே போடம்மா” என்று பெண்ணின் தாயார் சொல்லுவார். கண்ணாடியைப் பெண்ணின் கையில் கொடுத்து, “உனக்கு எப்படி வேண்டும்?” என்று அவளைக் கேளுங்கள். முகம் அவளுடையது.

மற்றொன்று. ஹைலைட்டரின் மினுக்கில் பெரும்பாலும் இருப்பது காக்காப்பொன் என்கிற மைக்கா. ஜார்க்கண்டிலும் பீகாரிலும் கைவிட்ட சுரங்கங்களில் குழந்தைகள் அதைப் பொறுக்கி வந்திருக்கிறார்கள். மண் சரிந்து குழந்தைகள் செத்ததும், அது மூடி மறைக்கப்பட்டதும் 2016இல் ராய்ட்டர்ஸ் அறநிறுவனச் செய்தியாளர்களால் வெளிவந்தது. ஒரு பெண்ணின் கன்னம் மினுங்க மற்றொரு தாயின் பிள்ளை குழிக்குள் இறங்க வேண்டுமா? ஆய்வுக்கூடத்தில் செய்யும் மைக்காவும் உண்டு. டப்பாவில் ‘சிந்தெடிக் ஃப்ளூரோஃப்லோகோபைட்’ என்று இருக்கும். மைக்கா எங்கிருந்து வருகிறதென்று கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். கேட்கிறவர் பெருகினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே, பூசிக் கொள்வதானால் உங்கள் இஷ்டத்துக்குப் பூசிக் கொள்ளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் காரணம் உங்களுடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகிறேன்.