மழையை அளந்த கைகள்

திருநெல்வேலி மாவட்டத்து மலைமேல் இருக்கிற எங்கள் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாக் கணக்கும் மழைக் கணக்குத்தான். “தொண்ணூத்திரண்டு மழைக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்று கேட்டால் போதும், கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் வருஷம் கிடைத்துவிடும்.

1992 நவம்பரில் தூத்துக்குடி அருகே புயல் கரையைக் கடந்தது. மன்னார் வளைகுடாவிலிருந்து வருகிற ஈரக்காற்றை வழியில் தடுக்க ஒன்றுமில்லை. நேராக வந்து எங்கள் மலையில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து, அங்கேயே கொட்டித் தீர்க்கும். அந்த மழையில் எங்கள் மலையிலேயே இருக்கிற காக்காச்சியில் ஒரே நாளில் பதிவானது 965 மில்லிமீட்டர்!

மழைமானி பார்ப்பது தோட்டத்தில் என் வேலையாக இருந்தது. அதனால் இந்த எண்ணை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது. நாங்கள் வைத்திருந்த அளவுக் கண்ணாடியில் ஒரு தடவைக்கு 25 மில்லிமீட்டர்தான் பிடிக்கும். 965 என்றால் 39 தடவை ஊற்றி, அளந்து, எழுத வேண்டும். சாதாரண நாளில் காலை எட்டரைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். பெருமழை நாளில் அது நடக்காது. உள்ளே இருக்கிற பாட்டில் நிரம்பி வெளிப்பாத்திரமும் வழிந்துவிடும். நடுராத்திரியிலும் எழுந்துபோய் அளந்தாக வேண்டும். காற்றில் குடை நிற்காது. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒருவர் டார்ச் பிடிப்பார், நான் குனிந்து அளவுக்கோட்டைப் பார்ப்பேன். காலில் அட்டை ஏறுவதைக் கவனிக்கக்கூட நேரம் இருக்காது. ஒரு சொட்டு சிந்தினாலும் மனசு கேட்காது, நேயர்களே. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். 965-ஐ நீங்களே பெருக்கிப் பாருங்கள்!

இத்தனையும் மணிமுத்தாறு வழியாகத் தாமிரபரணிக்குத்தான் வரும். அந்த ஆற்றுக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு முங்கியிருக்கிறது என்று பார்த்தே திருநெல்வேலிக்காரர்கள் வெள்ளத்தைச் சொல்லிவிடுவார்கள்.

2023 டிசம்பர் மழை உங்களுக்கே தெரியும். அந்தத் தடவை கடலோரத்துக் காயல்பட்டினத்திலேயே ஒரு நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்தவர்கள் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். அதைப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது, ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2024-இல் தோட்ட வேலை நின்று, ஜனங்கள் மலையை விட்டு இறங்கத் தொடங்கினார்கள். ஆனால் மலைமேல் நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை ஆகிய இடங்களின் மழை அளவு ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. கீழே ஆற்றங்கரையில் இருக்கிற ஊர்களுக்கு அதுதான் முதல் எச்சரிக்கை. இறங்கி வந்த என் ஊர்க்காரர்களே, தொண்ணூத்திரண்டில் எந்த ஓடை எந்தப் பக்கம் உடைத்தது, தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று உங்களுக்குத்தான் தெரியும். பேரப்பிள்ளைகளிடம் சொல்லி, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.