தாடைக் கட்டியை நோண்டாதீர்கள்

(நம் சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியரான உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சபரிமலைக்கு மாலை போடும் அண்ணாச்சிகளிடம் முதலில் ஒரு கேள்வி. தாடி வளர்த்த நாட்களில் உங்கள் தாடையிலும் கழுத்திலும் இருந்த சிறு கட்டிகள் அமுங்கிப்போனதைக் கவனித்திருக்கிறீர்களா? மலைக்குப் போய்வந்து மழித்ததும் அவை திரும்ப வந்ததையும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல பரு அல்ல. தோலுக்குள் திரும்பிய முடி.

ஒட்ட மழிக்கும்போது முடியின் நுனி ஊசி போலக் கூராகிவிடுகிறது. சுருள் முடியாக இருந்தால் வளைந்து பக்கத்துத் தோலில் குத்தி இறங்கும். தோலை இழுத்துப் பிடித்து மழித்தால், வெட்டுப்பட்ட முடி உள்வாங்கி, வெளியே வராமல் உள்ளேயே குத்தும். உடம்பு அதை முள் தைத்தது போல எதிர்க்கும். சிவப்பு, அரிப்பு, சில நேரம் சீழ் வரும். அக்குள், கால் முடியை எடுக்கும் பெண்களுக்கும் இதேதான்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் கணவருக்குச் சர்க்கரை உண்டு. கழுத்தில் வந்த கட்டியை ஊக்கால் குத்திப் பிதுக்கினார். இத்தனை வருடம் நர்ஸ் வேலை பார்த்த நானும், "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் காய்ச்சல், கழுத்து முழுக்க வீக்கம். கீறிச் சீழ் எடுத்து, ஒரு வாரம் ஊசி போட்டார்கள். அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

வறண்ட முகத்தில் மழிக்காதீர்கள். குளித்த பிறகோ, வெந்நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் ஒற்றிய பிறகோ மழியுங்கள். நம் பக்கத்து உப்புப் போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. அதற்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். எதிர்த்திசையில் இரண்டாம் தடவை வேண்டாம். தோலை இழுக்காதீர்கள், பிளேடை அழுத்தாதீர்கள். மழுங்கிய பிளேடைத் தூக்கிப் போடுங்கள். அடிக்கடி கட்டி வருபவர்கள் டிரிம்மரால் கொஞ்சம் முடி விட்டு வெட்டுவது மேல்.

சலூனிலும், இருக்கன்குடியில் மொட்டை போடும்போதும், புது பிளேடை உங்கள் கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். ஒருவருக்குப் போட்ட பிளேடு அடுத்தவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியையும் எச்.ஐ.வி.யையும் கொண்டுபோகலாம். படிகாரம் தடவினால் அது போகாது.

வந்துவிட்டால்?

முதல் மருந்து, மழிப்பதை நிறுத்துவது. குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். முதல் வாரத்தில் அரிப்பு கூடலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். முடி நீண்டதும் தானே வெளியே வந்துவிடும். தாடி நாட்களில் கட்டி அமுங்கிய ரகசியம் இதுதான். தினம் இரண்டு மூன்று தடவை வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். மெல்லிய துணியால் வட்டமாக லேசாகத் தேயுங்கள். பிதுக்காதீர்கள், முடியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முடியும் உள்ளேயே முளைக்கலாம்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். முதலில் குணமானது போலத் தெரியும். நாள்பட்டால் தோல் மெலியும், கிருமி பெருகும்.

சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, பின்கழுத்தில் கெட்டியாகும் தழும்பு, இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வலி தொடங்கிய அன்றே போங்கள். அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு போட ஆகும் நேரம்தான்.

தாடி வளர்ந்திருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காதீர்கள். ஒரு மாதத் தாடி யாருக்கும் கெடுதல் செய்யாது. ஊக்கைச் சட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.