விசிறிக்கு ஓய்வில்லாத ஊர்

தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கும் லாரிகளை நம்பி ராத்திரியும் திறந்திருக்கும் சாலையோர ஓட்டலில் விசிறிக்கு ஓய்வேது? பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், புதுவகை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். இருபது விசிறி தினம் 20 மணி நேரம் ஓடினால் 18 யூனிட் மிச்சம். வணிக மின்சாரம் யூனிட் 9 ரூபாய் என்று வைத்தாலும் 162 ரூபாய். விலை கூடுதலாச்சே என்பார்கள். ஒன்று 3,000 என்றாலும், போட்ட 60,000 ஏறக்குறைய ஒரே வருஷத்தில் திரும்பிவிடும்.

விசிறியோடு கூரைச் சூட்டையும் கவனிக்கலாம். 2003-ல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக லீட் பிளாட்டினம் என்ற பசுமைக் கட்டடச் சான்று பெற்ற ஹைதராபாத் பசுமை வணிக மையம், கூரைமேல் தோட்டம் போட்டு வெயிலைத் தடுத்தது. நமக்கு மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு போதுமே! வாடகைக் கட்டடம்தானே என்கிறீர்களா? காலி செய்யும்போது விசிறியைக் கழற்றிக்கொள்ளலாம். சுண்ணாம்பு மட்டும்தான் ஓனருக்கு.