பாஸ்காவுக்கு மறுநாள்

(நமது பங்கின் பொன்விழாவை ஒட்டி நடந்த மாலைக் கூட்டத்தில், பீடி சிகரெட்டை விட்டவர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

விழாக் குழுவினர் எங்களைப் பேச அழைத்தபோது எங்களுக்குள் பெரிய தயக்கம் இருந்தது. மரியாயின் சேனைக்குக் கொடி இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபைக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. எங்களுக்குத் தலைவரும் இல்லை, பெயரும் இல்லை. பீடி குடித்து, பிறகு விட்டவர்கள் 17 பேர், அவ்வளவுதான். டீக்கடையில் நிற்கும் பிள்ளைகள் எங்களை 'அணைஞ்ச பீடிகள்' என்கிறார்கள். பொருத்தமான பெயராக இருப்பதால் நாங்கள் மறுக்கவில்லை.

எங்கள் கதை தவக்காலத்தில்தான் தொடங்குகிறது. எங்களில் பலர் ஆண்டுதோறும் விபூதிப் புதனன்று பீடியை நிறுத்திவிடுவோம். வீட்டில் மீன், கறி நிற்கும்போது இதுவும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது என்று கணக்குச் சொல்லி, அன்று மட்டும் ஒரு கட்டை முடித்துவிடும் சாமர்த்தியசாலிகளும் எங்களில் உண்டு. அவர்களை விட்டுவிடுவோம். மற்றவர்கள் உண்மையாகவே இருந்தோம். பாஸ்கா இரவுப் பூசை முடியும். உள்ளே பாஸ்காத் திரி எரியும். வெளியே வேப்பமரத்தடியில் தீப்பெட்டி கை மாறும். ஒருவர் மூட்டிய குச்சியில் நான்கு பீடி பற்றிக்கொள்ளும். உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்தையே புகையோடுதான் சொல்லிக்கொள்வோம். இப்படி ஏறத்தாழ இருபது வருடம் போயிற்று.

இதில் உள்ள வேடிக்கை பின்னால்தான் எங்களுக்கு விளங்கியது. புகையில் உள்ள நிகோடின் இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. அது நின்றதும் உடம்பு அதைக் கேட்டு அடம் பிடிக்கிறது. எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் வருகின்றன. முதல் 2, 3 நாட்கள்தான் மிகக் கடுமை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 3, 4 வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் கரையை நீந்திக் கடந்துவிட்டு, மேலே ஏறி நின்று, திரும்பவும் ஆற்றில் குதித்திருக்கிறோம்! நாற்பது நாள் பீடி இல்லாமல் இருக்க எங்களுக்குத் தெரிந்திருந்தது. பாஸ்காவுக்கு மறுநாள் எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒரு தவக்காலத்தில், மரத்தடியில் எங்களோடு நிற்கும் அண்ணாச்சி ஒருவர் படுத்த படுக்கையானார். நுரையீரலில் புற்று. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க அவருக்கு மூன்று முறை மூச்சு வாங்கவேண்டியிருந்தது. குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் அவரை அடக்கம் செய்தோம். அந்த வருடப் பாஸ்கா இரவிலும் பழக்கம் எங்களை மரத்தடிக்கே கொண்டுவந்தது. தீப்பெட்டியும் வெளியே வந்தது. முதல் குச்சியைக் கிழிப்பவர் எப்போதும் அவர்தான். அன்று யாரும் கிழிக்கவில்லை. நான்கு பேர் விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். உபதேசியார் வீட்டம்மா விவரம் புரியாமல் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தார்கள். காலையில் பிரியும்போது, "நாளைக்குச் சாயங்காலமும் வருவமா?" என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான் தொடக்கம்.

அதற்குப் பிறகு நாங்கள் கற்றதெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். பீடி வயிற்றுப் பசிபோல் நாள் முழுவதும் கேட்பதில்லை. அதற்கென்று சில இடங்கள் உண்டு. டீ குடித்தவுடன், சாப்பிட்டுக் கை கழுவியவுடன், பேருந்து வராமல் தாமதிக்கும்போது, வேலையில் சாரத்திலிருந்து இறங்கியவுடன், விடியற்காலையில் காலைக்கடனுக்குப் போகுமுன். (கடைசியாகச் சொன்னதுதான் எங்களில் பலரை ஒரு மாதம் படாதபாடு படுத்தியது. தாய்மார்கள் இருக்கும் சபையில் இதற்கு மேல் வேண்டாம்.) ஆசை எழுந்தால் சில நிமிடங்கள் துடிக்கும், பிறகு தானே தணியும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். பக்கத்தில் இருந்தால் பேச்சு, தூரத்தில் இருந்தால் போன். எங்களில் ஒருவர் இரவுக் காவலாளி. விடியுமுன் 2 மணிக்கு அவர் கூப்பிட்டால் எடுப்பதற்கென்று சைக்கிள் கடைக்காரர் இரண்டு மாதம் தலையணைக்குக் கீழே போனை வைத்துப் படுத்தார். அவர் வீட்டம்மாவின் பொறுமைக்குத்தான் இந்த மேடையில் பொன்னாடை போர்த்தவேண்டும்.

எல்லாவற்றிலும் கடினம் துஷ்டி வீடு. பந்தலில் உட்கார்ந்தவுடன் வெற்றிலைத் தட்டில் பீடியும் சிகரெட்டும் வந்துவிடும். எடுக்காவிட்டால் வீட்டார் மனம் நோகும் என்று ஒரு நினைப்பு. துக்கம் வேறு தொண்டையை அடைக்கும். ஆகவே துஷ்டிக்கு எங்களில் யாரும் தனியாகப் போவதில்லை, இரண்டு பேராகவே போவோம். சட்டைப்பையில் பொரிகடலையோ கிராம்போ இருக்கும். பீடிக்குப் பதில் புகையிலை போடலாம் என்று ஒருவர் ஆறு மாதம் வாயில் அடக்கிப் பார்த்தார். கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படை வந்த பிறகுதான் அதையும் துப்பினார். புகை இல்லை என்பதால் புகையிலை சாது ஆகிவிடாது.

பீடி இலைதானே, சிகரெட்டைப்போல் கெடுதல் இல்லை என்று நாங்களும் ஒரு காலத்தில் வாதாடியவர்கள். பீடி இலை எளிதில் எரியாது, அணைந்துகொண்டே இருக்கும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டியிருக்கிறது. தூள் குறைவாக இருந்தாலும் நெஞ்சுக்குள் போகும் விஷம் குறைவதில்லை.

இனி வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. "அறுபது வயசாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போவுது?" என்று எங்களிடம் கேட்காதவர் இல்லை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவர் 1951-ல் தொடங்கி, அந்நாட்டு மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 2004-ல் வந்தது. சிகரெட் குடிப்பவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகவே இறக்கிறார்கள். 30 வயதில் விட்டவருக்கு அந்தப் பத்தும் ஏறத்தாழ முழுவதும் திரும்பக் கிடைக்கிறது. 40-ல் விட்டால் 9 ஆண்டு, 50-ல் 6, 60-ல் 3. மூன்று ஆண்டு என்றால் ஒரு பேத்தியின் புதுநன்மை, ஒரு பேரனின் கலியாணம். எங்கள் கூட்டத்தில் மூத்தவர் 66 வயதில் விட்டார். இன்று 74. அதோ, முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது எங்கள் குற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் பேசினால் பொன்விழாவுக்காகப் பூசி மெழுகியதாகிவிடும்.

தொடக்கத்தில் நாங்கள் புதிதாக வருகிறவர்களைப் பீடத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தோம். அப்போதைய பங்குத்தந்தைக்கு இது தெரியாது. கொத்தனார் ஒருவர் அப்படிச் சத்தியம் செய்து மூன்று மாதம் உறுதியாக இருந்தார். பிறகு தம்பி விபத்தில் இறந்துபோக, அந்தப் பந்தலிலேயே பீடியை எடுத்துவிட்டார். அன்று அவரோடு எங்களில் எவரும் போயிருக்கவில்லை. மறுவாரம் டீக்கடையில் எங்களில் ஒருவர், "சாமி முன்னாலயே சொல்லிட்டு முறிச்ச ஆளாச்சே" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னார். மற்றவர்கள் சிரித்தோம். அந்த மனிதர் எங்களிடம் மட்டுமல்ல, கோயிலுக்கு வருவதையும் நிறுத்தினார். நன்மை வாங்கத் தகுதியில்லாதவன் என்று தன்னைத் தானே முடிவு செய்துகொண்டார். ஏறக்குறைய ஒரு வருடம்! பீடி அவர் நெஞ்சைக் கெடுத்தது உண்மைதான். ஆனால் அவரைப் பூசையிலிருந்து பிரித்தது பீடி அல்ல, பீடியை விட்ட நாங்கள்.

விஷயம் தெரிந்ததும் பங்குத்தந்தை எங்களை அழைத்துக் கடிந்துகொண்டார். சத்தியம் வாங்குவதை அன்றோடு நிறுத்தச் சொன்னார். சிரித்தவர்களே போய் அழைத்து வரவேண்டும் என்றும் சொன்னார். இரண்டு பேர் போனோம். பீடியைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. கஞ்சி கொடுத்தார், குடித்தோம். எழுந்து வரும்போது வாசலில் நின்று, "பீடி குடிச்சதுக்கு நான் வெக்கப்படல. உங்க முகத்தப் பாக்கத்தான் வெக்கமா இருந்துச்சு" என்றார். அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. அவர் நான்காவது முறையாகத்தான் முழுவதும் விட்டார். பல முறை விழுந்து எழுந்த பிறகே பெரும்பாலோர் விடுகிறார்கள் என்பது இப்போது எங்களுக்குத் தெரியும். ஆகவே இன்று யாராவது விழுந்தால் நாங்கள் கேட்பது, "எந்த நேரம்? யார் கூட இருந்தா?" என்பதுதான்.

நம் திருச்சபையிலும் இது பழைய கதை. செவில் நகரத்துக் கோயில்களில் பூசை நேரத்தில்கூடப் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1642-ல் எட்டாம் உர்பான் பாப்பரசர் அங்கே கோயிலுக்குள் அதைத் தொடுபவருக்குத் திருச்சபை விலக்கம் என்று ஆணையிட்டார். ஆணையால் பழக்கம் அடங்கவில்லை. ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கு இருந்த இதே போன்ற தடையை 1725-ல் பதின்மூன்றாம் பெனடிக்ட் எடுத்துவிட்டார். வத்திக்கானில் சிகரெட் விற்பனையை 2018 முதல் நிறுத்த முடிவு செய்தவர் பிரான்சிஸ் பாப்பரசர். மதுவை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் கூட்டத்தை 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் எத்தனையோ ஆயிரம் பேரைக் குடியிலிருந்து மீட்க வழி செய்தவர். அவரே புகையால் நுரையீரல் கெட்டு 1971-ல் இறந்தார். ஒன்றை வென்றவன் இன்னொன்றிலும் வெல்வான் என்று எண்ணி யாரையும் தனியே விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

கடைசியாக, தாய்மார்களே, உங்களிடம். இந்தப் பகுதியில் பீடி சுற்றாத தெரு எது? நாங்கள் பீடியை விட்டோம், ஆனால் எங்கள் வீட்டில் சுளகு மடியைவிட்டு இறங்கவில்லை. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிப் பீடிக் கடையில் எண்ணிக் கொடுத்த கூலியில்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். இந்தக் கோயில் முகப்புக்கு நீங்கள் கொடுத்த காணிக்கையும் அந்தக் கூலிதான். எங்கள் கூட்டத்துக்கு ஒருமுறை வந்த ஒரு தங்கச்சி, "நீங்க விட்டது சந்தோசம் அண்ணாச்சி. ஊரெல்லாம் விட்டுட்டா எங்க சுளகுக்கு என்ன வழி?" என்று கேட்டுவிட்டுப் போனது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் விடை இல்லை. ஆகவே நாங்கள் மேடையேறிப் பீடித் தொழிலைப் பேய் என்று ஏசுவதில்லை. எங்களால் முடிந்தது கொஞ்சந்தான். தூள் நெடி அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் போகாமல் சுற்றும் இடத்தைத் திண்ணைக்கு மாற்றுகிறோம். பெண்பிள்ளைகளைச் சுளகுக்கு உட்கார்த்தாமல் பள்ளிக்கு அனுப்புகிறோம். பீடிக்குச் செலவழித்த காசை ஒரு டப்பாவில் போட்டு வருகிறோம். அதில் இதுவரை இரண்டு தையல் இயந்திரம் வாங்கி அருட்சகோதரிகளிடம் கொடுத்திருக்கிறோம். ஊர் முழுவதற்கும் இரண்டு தையல் இயந்திரம் எம்மாத்திரம் என்பது எங்களுக்கும் தெரியும்.

முதல் வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் மரத்தடியில் இருப்போம். பாஸ்கா இரவிலும் இருப்போம், மறுநாள் சாயங்காலமும் இருப்போம். சட்டைப்பையில் பீடிக்கட்டோடு வருகிறவரும் தாராளமாக வந்து உட்காரலாம், நாங்கள் பையைச் சோதிப்பதில்லை. சுக்குக்காப்பிக்குக் கருப்பட்டி இந்த முறை கொத்தனார் பொறுப்பு.